ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள்: கலைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகக் கலைவிழா ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக் கலைவிழாவுக்கான சுற்றறிக்கை எங்கள் துறைக்கும் வந்து சேர்ந்தது. அறிவியலும் மொழியும் வணிகமும் நுண்கலையும் ஒரே மேடையில் சந்திக்கப்போகும் விழா இது என்று முதல் பக்கத்தில் நல்ல தமிழில் எழுதியிருக்கிறீர்கள். துறைகளுக்கு இடையே உள்ள சுவர்கள் தகர வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் விதிமுறைகள். அவற்றில் ஏழாவது: "குழுப் போட்டிகளில் அணியில் உள்ள அனைவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்களாக இருத்தல் வேண்டும். மீறும் அணி தகுதிநீக்கம் செய்யப்படும்."

முதல் பக்கத்தை எழுதியவரும் விதிமுறைகளை எழுதியவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை போலிருக்கிறது. சுவர் தகரட்டும் என்று வாழ்த்திவிட்டு, சுவரைத் தாண்டுபவனைப் பிடித்து வெளியே அனுப்புகிறோம். அந்த ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். விதிகளைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது என்பதால் இதை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

விதி ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடைசி நாள் மாலையில் ஒட்டுமொத்த வாகையர் கோப்பை ஒன்றைக் கொடுக்கிறோம். முதல் பரிசுக்கு இத்தனை, இரண்டாம் பரிசுக்கு இத்தனை என்று கூட்டி எந்தத் துறை முந்தியது என்று அறிவிக்கிறோம். இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து ஓர் அணியானால் அந்தப் பரிசை யார் கணக்கில் எழுதுவது? நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தி விலங்கியல் துறையில் இருந்தால் அவளை ஐந்து துறைகள் இழுக்கும். பிறகு புகார், பஞ்சாயத்து, துறைத் தலைவர்களின் தொலைபேசி அழைப்புகள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் யாரோ ஒருவர் எப்போதோ அந்த விதியைச் சேர்த்திருக்கிறார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு கோப்பைக்கான கூட்டல் கணக்கு சிக்கலாகிவிடக் கூடாது என்பதற்காக விழாவின் நோக்கத்தையே கைவிடுவது எந்த வகையில் நியாயம்?

துறைப் பற்றைக் குறைசொல்ல வரவில்லை. வேதியியல் துறையினர் குழு நடனத்துக்கு மேடை ஏறும்போது மாடத்திலிருந்து எழுகிற கூச்சலும், அதற்கு இயற்பியல் துறையினர் பதிலுக்கு அடிக்கிற விசிலும் இல்லாவிட்டால் அது கலைவிழாவே இல்லை. குழு நடனம் அப்படியே இருக்கட்டும். நெருப்பில்லாச் சமையலும் முக ஓவியமும் காய்கறிச் செதுக்கலும் கூட இருந்துவிட்டுப் போகட்டும். (வெள்ளரிக்காயில் அன்னப்பறவை செய்வதைப் பல்கலைக்கழகம் ஏன் போட்டியாக வைக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது வேறு கதை.) விழா முழுவதும் ஒரே அச்சில் நடக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்வது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் இளைஞர் விழாவை நீங்கள் அறிவீர்கள். இசை, நடனம், இலக்கியம், நாடகம், நுண்கலை என்று ஐந்து பிரிவுகள். நம் போட்டிப் பட்டியலில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் அணி. தவில் வாசிப்பவர் எந்தத் துறை, நாடகத்தில் அரசனாக வருபவர் எந்தத் துறை என்று யாரும் கேட்பதில்லை. அந்த விழாவுக்கு அணி அனுப்பும்போது நாமும் எல்லாத் துறையிலிருந்தும்தான் ஆள் சேர்க்கிறோம். ஆக, ஒரே துறை என்ற நிபந்தனை வெளியிலிருந்து யாரும் விதித்ததன்று. நாமே போட்டுக்கொண்ட வேலி.

பெரிய நிறுவனங்களும் கலையையும் அறிவியலையும் தனித்தனி நாளில்தான் கொண்டாடுகின்றன. சென்னை ஐஐடியில் கலைக்கு சாரங், தொழில்நுட்பத்துக்கு சாஸ்த்ரா. திருச்சி என்ஐடியில் கலைக்கு ஃபெஸ்டெம்பர், தொழில்நுட்பத்துக்குப் பிரக்யான். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1948 முதல் நடக்கும் டெக்கோஃபெஸ் ஒரு பக்கம், குருக்ஷேத்ரா ஒரு பக்கம். அவையெல்லாம் பிரித்து வைத்ததை நாம் சேர்த்து வைக்கப் பார்க்கிறோம் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. விதிமுறைப் பக்கத்துக்கு வரும்வரை.

கோலப் போட்டிக்கு நடுவராக என்னைப் பலமுறை அழைத்திருக்கிறீர்கள். புள்ளியியல் வாத்தியாருக்குப் புள்ளிக் கோலம் தெரியாமலா போகும் என்று நினைத்தீர்களோ என்னவோ. அப்படி ஒரு போட்டியில் கண்டதைச் சொல்கிறேன். கலையரங்கத்தின் முன்னால் சுண்ணாம்புக் கோடு கிழித்துத் துறைக்கு ஒரு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலான கட்டங்களில் வண்ணப்பொடி. தோகை விரித்த மயில், உலக உருண்டையைத் தாங்கும் இரு கைகள், மரம் வளர்ப்போம். வணிகவியல் துறையின் கட்டத்தில் இரண்டு மாணவிகள் வெறும் வெள்ளை மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். வரிசைக்கு நான்காக நான்கு வரிசை புள்ளி வைத்தார்கள். சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாவதாக ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டுச் சிக்குக் கோலம் இழுக்கத் தொடங்கினார்கள். எடுத்த கை புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. எல்லாப் புள்ளியும் அடைபட்டுவிட்டன. ஏன் ஒரு புள்ளி கூட்டினீர்கள் என்று கேட்டேன். நாலுக்கு நாலு வைத்தால் கோடு அறுந்து அறுந்து நாலு கோடாகிவிடும், ஐந்துக்கு நாலு வைத்தால் ஒரே இழையில் முடியும், ஆச்சி சொல்லிக்கொடுத்தது என்றாள் ஒருத்தி.

ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோரிடத்திலும் கோடு குறுக்கே வெட்டிச் சென்று, ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பும் எளிய செவ்வகச் சிக்குக் கோலத்தில் எத்தனை தனித்தனிக் கோடுகள் வரும் என்பதை இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணி சொல்லிவிடும். ஐந்துக்கும் நான்குக்கும் அது ஒன்று, ஆகவே ஒரே கோடு. நான்குக்கும் நான்குக்கும் நான்கு. ஆறுக்கும் நான்குக்கும் இரண்டு. சந்தேகம் இருந்தால் அடுத்த குழுக் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். பள்ளியில் எல்லோரும் கடந்து வந்த ஒரு பாடம், எதற்கு என்று தெரியாமலே மனப்பாடம் செய்த பாடம், அந்தச் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் மாவாகக் கிடந்தது. அதே வேளையில் அடுத்த கட்டத்தில் கணிதத் துறை மாணவிகள் பை குறியை ஏழு வண்ணத்தில் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்டங்களுக்கும் இடையே ஒரு சாண் அகலச் சுண்ணாம்புக் கோடு. விதிப்படி இவர்கள் அங்கே போய் உட்கார முடியாது, அவர்கள் இங்கே வர முடியாது.

பரிசு மயிலுக்குப் போனது. வண்ணச் சேர்க்கைக்குப் பத்து மதிப்பெண், கருப்பொருளுக்குப் பத்து என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தால் வெள்ளைக் கோலத்துக்கு நடுவர் என்ன போட முடியும்?

இந்த உறவு என் கற்பனை இல்லை. தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் துறையில் இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக்காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார்கள். ஒரு சொற்றொடரை இலக்கணம் எப்படி உருவாக்குகிறதோ அப்படி ஒரு சிறிய விதித் தொகுப்பைக் கொண்டு ஒரு கோலத்தையும் அதன் பெரிய வடிவங்களையும் உருவாக்கலாம் என்பது அதன் சாரம். படங்களுக்கான இலக்கணம் என்ற ஆய்வுத் துறையில் கோலம் அதன் பெயரோடேயே இடம்பிடித்தது. அதே சிரோமணி மாமல்லபுரத்துச் சிற்பங்களை அளவெடுத்துப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டவர். சிந்துவெளி எழுத்துகளையும் அதே முறையில் ஆராய்ந்தவர். இன்றைக்கு அவர் மாணவராக நம் விழாவுக்கு வந்தால் எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பீர்கள்?

சர் சி.வி. இராமனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் அறிவியல் தினம் கொண்டாடுகிறோம், வினாடி வினாவில் அவர் நோபல் பரிசு பெற்ற ஆண்டைக் கேட்கிறோம். அவர் மிருதங்கத்தை ஆராய்ந்ததை மட்டும் யாரும் கேட்பதில்லை. சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அதன் துணையொலிகள் அடிப்படை ஒலிக்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று தாறுமாறான விகிதத்தில் வரும். அதனால் அது சத்தமாக இருக்குமே தவிரச் சுருதியாக இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலக்கை வாசிக்கும் பக்கத்தில், நடுவில் அப்பும் கருஞ்சோறு அந்த விகிதங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண்களுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதைப் பற்றி இராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். 1934இல் தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் போய்ச் சேர்கிறது என்று காட்டி விரிவாகவும் எழுதினார். அரிசிச் சோற்றோடு கல்தூளைச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலம் படலமாகத் தேய்த்துத் தேய்த்து அந்தக் கரும்பட்டையைக் கட்டுகிற கைவினைஞர்களின் கைக்குத் தெரிந்திருந்த ஒன்றுக்கு இயற்பியல் விளக்கம் கொடுத்தார் அவர். இசைத் துறை மாணவர் ஒருவரும் இயற்பியல் மாணவர் ஒருவரும் ஒரு மிருதங்கமும் ஒரு பிடி மணலும் இருந்தால் இதே சோதனையை நம் கலையரங்கத்தின் மேடையிலேயே செய்துகாட்டலாம். மணல் நகர்வதைக் கடைசி வரிசையிலிருந்தும் பார்க்கும்படி திரையில் காட்டலாம். ஏழாவது விதி இருக்கும்வரை காட்ட முடியாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் ஆசையான ஒன்று. நாகசுரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட தூணும் உத்தரமும்தான் வேண்டும். வாயில் வைத்து ஊதும் அதன் சீவாளியோ கொறுக்கை என்ற நாணல் வகைப் புல்லின் தட்டையில் செய்வது. மரம் ஏன் பழையதாக இருக்க வேண்டும், ஈரம் போன மரத்துக்குள் என்ன மாறியிருக்கிறது, கொறுக்கை எந்தக் கரையில் விளைகிறது, ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் அந்தத் தட்டைக்கு என்ன ஆகிறது? இவை தாவரவியல் மாணவரும் நாகசுரம் பயிலும் மாணவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள். தனியாகக் கேட்டால் முதலாமவர் ஒரு புல்லின் பெயரைச் சொல்வார், இரண்டாமவர் ஒரு கீர்த்தனை வாசிப்பார். இரண்டுமே நல்லவைதான், நாம் பார்த்தவைதான்.

அந்த நாகசுரமே ஒரு கூட்டு வேலையில் மாறிய கருவி. பழைய, குட்டையான திமிரி நாகசுரத்தில் சுத்த மத்திமம் என்ற சுரம் சரியாக நிற்கவில்லை என்ற குறை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்கு இருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அந்தக் குறையைக் காதில் வாங்கி, துளைகளையும் நீளத்தையும் மாற்றி மாற்றிக் கடைந்து பாரி நாகசுரத்தை உருவாக்கினார். வாசித்தவருக்குக் கடையத் தெரியாது, கடைந்தவர் கச்சேரி செய்பவர் இல்லை. இருவரும் ஒரே பட்டறையில் உட்கார்ந்ததால் நடந்தது அது. ஒட்டுமொத்த வாகையர் கோப்பைக்காக அவர்கள் மோதிக்கொண்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இப்படிச் சேர்த்தால் குளறுபடியாகிவிடும் என்று உங்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். ஆகத்தான் செய்யும். 1966 அக்டோபரில் நியூயார்க்கில், ராணுவப் பயிற்சிக்கூடம் ஒன்றில், பில்லி க்ளூவர் என்ற பொறியாளரும் ராபர்ட் ரௌஷன்பர்க் என்ற ஓவியரும் பத்துக் கலைஞர்களையும் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது பொறியாளர்களையும் சேர்த்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் ஒன்று டென்னிஸ் ஆட்டம். மட்டையின் கைப்பிடிக்குள் ஒலிவாங்கியும் சிறு ஒலிபரப்பியும். பந்து மட்டையில் படும் ஒவ்வொரு முறையும் அரங்கம் முழுக்க 'பொங்' என்று ஓர் ஒலி, கூடவே கூரையில் ஒரு விளக்கு அணையும். எல்லா விளக்கும் அணைந்து கும்மிருட்டானதும் ஆட்டம் முடிந்தது. பிறகு அந்த இருட்டுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நிற்க, அகச்சிவப்புக் கதிர்க் கேமராக்கள் அவர்களைப் பிடித்துத் திரையில் காட்டின. கண்ணால் காண முடியாத கூட்டத்தைத் திரையில் மட்டும் பார்த்தார்கள் பார்வையாளர்கள். அந்த இரவுகளில் கருவிகள் மக்கர் செய்தன, நிகழ்ச்சிகள் தாமதமாயின, பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ஆனாலும் கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்த பிற்காலப் படைப்புகளைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பத்திரிகைகளுக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் எத்தனையோ அந்த ஆண்டில் நடந்திருக்கும், அவற்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அவர்கள் அதற்கு மாதக்கணக்கில் தயாரானார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாமோ விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு சுற்றறிக்கை அனுப்புகிறோம். மாணவர்கள் பேருந்திலும் விடுதி மொட்டைமாடியிலும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரு திரைப்பாட்டுக்கு ஆட இரண்டு வாரம் போதும். வேறு துறைக்காரரின் பேச்சு என்ன மொழி என்று புரிந்துகொள்ளவே இரண்டு வாரம் போதாது. எனவே கூட்டு அணிகளுக்கான அறிவிப்பு பருவத் தொடக்கத்தில், ஆய்வகங்கள் திறக்கும்போதே வர வேண்டும். சனிக்கிழமைகளில் ஓர் ஆய்வகமும் இசைத் துறையின் ஓர் அறையும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நம் வளாகத்தில் பல நல்ல திட்டங்கள் சாவி கிடைக்காமல்தான் செத்தன.

பணம் எங்கே என்பீர்கள். சின்னத்திரை நட்சத்திரம் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக வரவழைத்து, அவர் அரை மணி நேரம் கை அசைத்துவிட்டுப் போவதற்கு நாம் செலவிடுவதில் ஒரு பங்கு போதும், ஒரு மிருதங்கக் கைவினைஞரையோ சீவாளி செய்பவரையோ இரண்டு நாள் தங்கவைத்து உரிய சன்மானம் கொடுத்து மரியாதையாக அனுப்ப. அவர்களை நிறைவு விழாவில் சால்வை போர்த்துவதற்காக அழைக்காதீர்கள். முதல் நாளே அழைத்து, மாணவர்களோடு தரையில் உட்கார வையுங்கள்.

மதிப்பீட்டு முறையும் மாற வேண்டும். இரண்டு துறை நடுவர்கள் இருக்கட்டும். ஒருவர் மற்றவரின் துறை மாணவரிடம் கேள்வி கேட்கட்டும். இயற்பியல் மாணவருக்குத் தன் கூட்டாளி வாசித்த தாளம் என்னவென்று தெரிகிறதா, மிருதங்க மாணவருக்கு மணல் ஏன் அந்தக் கோட்டில் நின்றது என்று சொல்ல வருகிறதா என்று பார்த்தால் போதும். ஒருவர் வேலை செய்ய மற்றவர் பெயரைச் சேர்த்துக்கொண்டாரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கோப்பைக் கணக்கு உங்களை இன்னும் உறுத்தினால், கூட்டு அணியின் பரிசுப் புள்ளியைச் சேர்ந்த துறைகள் அனைத்துக்கும் முழுமையாகக் கொடுங்கள், பங்கு பிரிக்காதீர்கள். அப்போது கோப்பை மீது கண் வைத்திருக்கும் துறைகளே பக்கத்துத் துறையின் கதவைத் தட்டும்.

பல்கலைக்கழகங்களைத் தரமதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்கான கோப்பில் 'பல்துறை நிகழ்ச்சி' என்ற தலைப்பின் கீழ் ஒட்டுவதற்கு இடக்குறி பதித்த புகைப்படங்கள் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். போன முறை பத்துத் துறை மாணவர்களைத் துறைப் பதாகையோடு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். படம் நன்றாகத்தான் வந்தது. அந்தக் கோப்புக்கும் ஒரே கருவியின் மேல் குனிந்திருக்கும் இரண்டு துறை மாணவர்களின் படம் இன்னும் நன்றாகப் பொருந்தும். அதிகாரிகளுக்கு எழுதும்போது இப்படியும் ஒரு காரணம் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் துறை மாணவர்கள் மூவர் நாட்டுப்புறக் கலைப் பிரிவு மாணவர்கள் இருவரோடு பேசி வைத்திருக்கிறார்கள். பறையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்பும் பின்பும் சுருதி எவ்வளவு ஏறுகிறது, பனிக்காற்றில் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, அடிப்பவர் தம் காதால் எந்தக் கட்டத்தில் மறுபடி தீயைத் தேடிப் போகிறார் என்று அளந்து, அந்த வரைபடத்தைத் திரையில் ஓடவிட்டு, அதன் முன்னால் பறையாட்டம் ஆடுவது அவர்கள் திட்டம். தீயணைப்புக்குத் தண்ணீர் வாளி வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கையின்படி அவர்கள் ஐவரும் இப்போது தகுதிநீக்கம் செய்யப்பட வேண்டியவர்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முன்பாகத் திருத்திய விதிகளை வெளியிட்டால் அவர்களிடம் நான் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கோலப் போட்டியின் நிரந்தர நடுவரான
புள்ளியியல் ஆசிரியர்